கூரையில் ஒரு கண்: செவ்வியல் கட்டடங்களின் வட்டத் திறப்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோமுக்குப் போய்வந்தவர்கள் கைப்பேசியில் படம் காட்டும்போது ஒரு படம் தவறாமல் இருக்கும். அண்ணாந்து எடுத்தது. நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம், சுற்றிலும் வரிசை வரிசையாகச் சதுரக் குழிவுகள். அது பாந்தியன் என்ற பழைய கோயிலின் கூரை. படம் வந்ததும் கேள்வியும் கூடவே வரும். கட்டடக்கலை வரலாறு சொல்லிக்கொடுப்பது என் வேலை என்பதால், வகுப்பிலும் திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள்தான். கேட்டவர்களின் பேச்சிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். முன்னால் சொன்னதைப் பின்னால் மறுபடி சொல்லவில்லை, அதனால் வரிசையாகப் படித்தால் நல்லது.

ஓக்குலஸ், ஓக்குலஸ்னு சொல்றாங்களே, அது வெறும் வட்ட ஜன்னல்தானே?

ஓக்குலஸ் என்ற லத்தீன் சொல்லுக்குக் கண் என்று பொருள். கட்டடத்தில் இந்தக் கண் இரண்டு இடங்களில் வரும். ஒன்று, குவிமாடத்தின் உச்சியில் வானத்தைப் பார்த்துத் திறந்திருப்பது. இன்னொன்று, செங்குத்தான சுவரில் வட்டமாக வெட்டியிருப்பது. பெயர் ஒன்றுதான், வேலை வேறு. உச்சியில் இருப்பது வெளிச்சத்தை மேலிருந்து கொட்டுகிறது, கூரை நிற்கும் விதத்தோடும் பிணைந்திருக்கிறது. சுவரில் இருப்பது பெரும்பாலும் முகப்பின் அழகுக்கும், உயரத்திலிருந்து கொஞ்சம் வெளிச்சம் வாங்கவும்.

குழப்பத்தில் பாதி இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருகிறது. அதனால் இந்தப் பக்கத்தில் முதலாவதை உச்சிக்கண் என்றும், இரண்டாவதைச் சுவர்க்கண் என்றும் பிரித்தே எழுதுகிறேன்.

தமிழ்ல இதுக்கு ஏதாவது பேர் இருக்கா?

ஜன்னலைக் கண்ணாகப் பார்ப்பது நமக்குப் புதிதில்லை. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூர் எடுத்த காதை, புகார் நகரத்து வீடுகளைச் சொல்லும்போது ‘மான்கண் காலதர் மாளிகை’ என்கிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி, அதுவும் மானின் கண் போன்றது. அதற்கு அடுத்த இரண்டு அடிகளில் ‘யவனர் இருக்கை’ வருகிறது என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் விஷயம். கிரேக்க, ரோமானிய வணிகர்கள் தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே கண் வடிவச் சாளரங்கள்.

வடமொழியில் கவாட்சம் என்ற சொல் பசுவின் கண் என்றே பொருள்படும். மாமல்லபுரத்து ரதங்களின் கூரை ஓரங்களில் லாட வடிவில் வரிசையாக இருக்கின்றனவே, சிற்பிகள் கூடு என்று சொல்வார்கள், அவை அந்தக் கவாட்சத்தின் வாரிசுகள். பிரெஞ்சுக்காரர்களும் தங்கள் வட்ட ஜன்னலை மாட்டுக்கண் என்றுதான் அழைத்தார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் வைத்த பெயர்கள் இல்லை இவை. உருண்டையான ஒரு திறப்பைப் பார்த்ததும் மனிதருக்குக் கண்தான் நினைவுக்கு வந்திருக்கிறது. அதனால்தான் அதை ஓட்டை என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கும்.

பாந்தியன் மேல அந்த ஓட்டை எதுக்கு? கட்டி முடிக்காம விட்டுட்டாங்களா?

முடித்துத்தான் விட்டார்கள். இன்று நாம் பார்க்கும் பாந்தியன், ஹேட்ரியன் பேரரசராக இருந்தபோது, ஏறத்தாழ கி.பி. 125 வாக்கில் முடிந்தது. முகப்பில் அக்ரிப்பா கட்டியதாகப் பெரிய எழுத்தில் இருக்கும். அது அதே இடத்தில் முன்பு இருந்து எரிந்துபோன கோயிலைக் கட்டியவரின் பெயர். ஹேட்ரியன் தன் பெயரைப் போடாமல் பழைய பெயரையே வைத்துவிட்டார்.

உச்சிக்கண்ணைச் சுற்றி வெண்கல விளிம்பு ஒன்று இருக்கிறது. கூரையின் வெளிப்புறத்தைப் போர்த்தியிருந்த வெண்கல ஓடுகளை 663இல் பேரரசர் இரண்டாம் கான்ஸ்டன்ஸ் கழற்றிக்கொண்டு போனார். விளிம்பு மட்டும் அந்தக் காலத்ததே இன்னும் அங்கே இருக்கிறது. பாதியில் நின்ற கூரைக்கு யாரும் வெண்கலத்தில் விளிம்பு கட்டமாட்டார்கள். கீழே தரையில் நீர் போகத் துளைகளும் உண்டு. மேலே திறந்தே இருக்கும் என்று நினைத்துக் கட்டியதற்கு இவை போதுமான அடையாளம்.

கீழ இருந்து பார்த்தா சின்னதாத்தானே தெரியுது. நிஜமா எவ்வளவு பெருசு?

குறுக்களவு 9 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதன் விளிம்பில் இரண்டு பேருந்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், அகலம் போக இன்னும் இடம் மிச்சமிருக்கும். சின்னதாகத் தெரியக் காரணம் உயரம். தரையிலிருந்து கண் வரை 43.3 மீட்டர். குவிமாடத்தின் உள்குறுக்களவும் அதே 43.3 மீட்டர். அதாவது உள்ளே ஒரு முழு உருண்டையை வைத்தால் அது தரையையும் தொடும், கண்ணையும் தொடும்.

கண்ணின் அகலம் குவிமாடத்தின் அகலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. பரப்பளவில் பார்த்தால் தரையில் 25இல் 1 பங்கு. இந்த 25இல் 1ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வெளிச்சம் பற்றிய கேள்வியில் மறுபடி தேவைப்படும்.

மழை பெஞ்சா உள்ள வராதாமே? சூடான காத்து மேல போயி மழையைத் தடுத்துடுமாம்...

வரும். நன்றாகவே வரும். உள்ளே நிறைய மெழுகுவத்திகள் எரிந்த காலத்தில் சூடான காற்று எழும்பி மழைத்துளியைச் சிதறடித்தது என்று ஒரு கதை சுற்றுலா வழிகாட்டிகள் வாயில் உலவுகிறது. 9 மீட்டர் அகலத் திறப்பில் விழும் மழையை நிறுத்த அந்தக் காற்றால் முடியாது. தூறல் என்றால் பக்கவாட்டில் நிற்பவருக்கு உள்ளே விழுவது கண்ணில் படாமல் போகலாம். கதை அப்படித்தான் பிறந்திருக்க வேண்டும்.

மழைநாளில் நடுத்தரையில் கயிறு கட்டி ஆட்களை ஒதுக்குவார்கள். தரை நடுவில் கொஞ்சம் மேடாக இருப்பதால் நீர் ஓரத்தை நோக்கி ஓடும். பளிங்கில் இருக்கும் 22 சிறு துளைகள் வழியாக அடியிலுள்ள பழைய வடிகாலுக்குப் போய்விடும். நம் வீட்டு முற்றம் எப்படியோ அப்படி. முற்றத்தில் மழை விழுவதை யாரும் குறை என்று சொல்வதில்லையே.

ஒரு வெண்கலப் பைன் காய் அந்தக் கண்ணை மூடியிருந்துச்சு, அப்புறம் வாடிகனுக்குக் கொண்டு போயிட்டாங்கன்னு கேட்டேன். உண்மையா?

இல்லை. வாடிகனில் அந்தப் பெயரிலேயே ஒரு முற்றத்தில் பெரிய வெண்கலப் பைன் காய் இருப்பது உண்மை. ஆனால் அது ஒரு நீரூற்றின் பகுதி. நீர் வெளியே வரத் துளைகள் அதிலேயே இருக்கின்றன. ஏறத்தாழ 4 மீட்டர் உயரமுள்ள ஒரு பொருள் 9 மீட்டர் வட்டத்தை எப்படி மூடும் என்று கேட்டாலே கதை நிற்காது.

ஆர்ச்சுல நடுக்கல்லை எடுத்தா விழுந்துடும். அப்போ குவிமாடத்துக்கு நடுவுலயே ஓட்டை போட்டா எப்படி நிக்குது?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இதுதான், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஆர்ச் என்பது இரண்டு பக்கமிருந்து வந்து ஒன்றன் மேல் ஒன்று சாயும் கற்கள். நடுக்கல் வரும்வரை இரண்டு பக்கமும் விழத்தான் பார்க்கும், அதனால் அடியில் சென்ட்ரிங் என்ற தற்காலிகத் தாங்கல் வேண்டும். குவிமாடம் அப்படி இல்லை. அதை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய வளையங்களாக நினைத்துப் பாருங்கள். ஒரு வளையத்தின் கற்கள் எல்லாம் உள்பக்கம் விழப் பார்க்கும். ஆனால் பக்கத்துக் கல் இடம் கொடுக்காது. எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே வர முடியாது என்பதால் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். ஒரு வளையம் மூடிவிட்டால் அது தன்னளவில் நிற்கும், மேலே அடுத்தது வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

உறைகிணறு பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். சுற்றியுள்ள மண் நாலாபக்கமும் உள்ளே தள்ளுகிறது. உறை நடுவில் வெறுமையாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இடிவதில்லை, ஏனென்றால் வட்டம் அந்த நெருக்கலைச் சமமாக வாங்கிக்கொள்கிறது. உச்சிக்கண்ணின் விளிம்பும் அதே வேலையைச் செய்கிறது. மண்ணுக்குப் பதில் குவிமாடமே தள்ளுகிறது. பாந்தியனில் இந்த விளிம்பைச் செங்கற்களை நிற்கவைத்து வளையம் வளையமாகக் கட்டினார்கள்.

அதோடு இன்னொரு லாபம், உச்சியில் எடை குறைந்தது. பாந்தியன் கட்டியவர்கள் எடையில் மிகக் கவனமாக இருந்தார்கள். அடியில் ஏறக்குறைய 6.4 மீட்டர் கனம், கண்ணருகே 1.2 மீட்டர்தான். கான்கிரீட்டில் போட்ட கல்லும் மாறிக்கொண்டே போகிறது. கீழே கனமான டிராவர்டைன், இடையில் எரிமலைக் கல்லும் செங்கல் துண்டும், மேலே நீரில் மிதக்கும் அளவுக்கு லேசான நுரைக்கல். கம்பி ஒன்றுகூட இல்லை. கம்பி வைக்காத கான்கிரீட் குவிமாடங்களில் உலகத்தில் இன்றும் இதுதான் பெரியது.

அப்போ கண்ணு இருக்கிறதால அந்தக் குவிமாடத்துல வெடிப்பே வரலையா?

வெடிப்பு உண்டு, ஆனால் கண்ணருகே இல்லை. அரைக்கோளக் குவிமாடம் ஒன்றில் உச்சியிலிருந்து ஏறத்தாழ 52 பாகை வரை வளையங்கள் நெருக்கப்படும். அதற்குக் கீழே உள்ள வளையங்களோ விரியப் பார்க்கும். கல்லும் கான்கிரீட்டும் நெருக்கலைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதனால் கீழ்ப்பகுதியில் மேலும் கீழுமாக ஓடும் வெடிப்புகள் விழும். பாந்தியனிலும் அப்படித்தான், 1930களில் பழுதுபார்த்தபோது அவற்றை ஆராய்ந்து குறித்திருக்கிறார்கள்.

வெடித்த பிறகும் கட்டடம் 1,900 ஆண்டுகளாக நிற்கிறதென்றால், கீழே அவ்வளவு கனமாகக் கட்டியதும் வெளிப்புறத்தில் படிப்படியாக எடை ஏற்றியதும் காரணம். பலவீனமான இடம் என்று எல்லோரும் சந்தேகப்படும் கண்தான் அந்தக் கூரையின் மிகப் பத்திரமான பகுதிகளில் ஒன்று.

கண்ணை எவ்வளவு பெருசா வேணும்னாலும் வைக்கலாமா?

மேலே சொன்ன கணக்குப்படி எந்த வளையத்தோடும் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் வட்டம் பெரிதாகப் பெரிதாக அந்தக் கடைசி வளையம் தாங்க வேண்டிய நெருக்கலும் கூடும், அதற்கேற்ப விளிம்பைத் தடிப்பாக்க வேண்டும். மழையும் வெயிலும் அதிகமாக உள்ளே வரும். அதைவிட முக்கியமாக, ஒரு அளவுக்கு மேல் போனால் அது கூரை என்ற உணர்வே போய்விடும், விளிம்பு மட்டும்தான் மிஞ்சும். பாந்தியனின் ஐந்தில் ஒரு பங்கு என்பது பார்க்கிறவருக்குக் கூரையும் வேண்டும், வானமும் வேண்டும் என்று யோசித்து நிறுத்திய இடம் என்று எனக்குத் தோன்றும்.

இதை முதல்ல கண்டுபிடிச்சது கிரேக்கர்களா, ரோமானியர்களா?

செவ்வியல் உலகத்தில் இது ரோமானியர்களின் வேலை. கிரேக்கக் கோயில் தூணும் உத்தரமுமாகக் கட்டியது, பெரிய குவிமாடமே அதில் இல்லை. வெளிச்சம் பெரும்பாலும் வாசல் வழியாகத்தான். மைசீனியில் உள்ள தேன்கூடு போன்ற கல்லறை அறைகள் கிரேக்க மண்ணில் மிகப் பழையவை என்றாலும், அவற்றின் உச்சி கல்லால் மூடியிருக்கும்.

ரோமானியர்களுக்குக் கான்கிரீட் கைவந்ததும் கதை மாறியது. நேப்பிள்ஸ் பக்கம் பாயா என்ற ஊரில் ‘மெர்க்குரி கோயில்’ என்று தவறாகப் பெயர் பெற்ற ஒரு வட்டக் கூடம் இருக்கிறது. உண்மையில் அது குளியல் வளாகத்தின் பகுதி. குறுக்களவு 21 மீட்டருக்கு மேல், உச்சியில் கண், வயது பாந்தியனைவிட ஒரு நூற்றாண்டுக்கும் அதிகம். அங்கே நிலமே மெல்லத் தாழ்ந்து ஏறும் இயல்புள்ளது என்பதால் கூடத்துக்குள் இன்று தண்ணீர் நிற்கிறது. கி.பி. 64இன் பெருந்தீக்குப் பிறகு நீரோ கட்டிய பொன்மாளிகையின் எண்கோணக் கூடத்திலும் பெரிய உச்சிக்கண் உண்டு. பாந்தியன் திடீரென்று முளைத்ததில்லை, இவற்றையெல்லாம் கட்டிப் பழகிய கைகள் அதைக் கட்டின.

குளியல் கூடத்துக்கு எதுக்குக் கூரையில கண்ணு?

நீராவிக்கும் சூட்டுக்கும். கி.மு. முதல் நூற்றாண்டில் கட்டடக்கலை பற்றி நூல் எழுதிய ரோமானியர் விட்ருவியஸ், வியர்வை அறையின் உச்சியில் திறப்பு விட்டு அதன் கீழே ஒரு வெண்கலத் தட்டைச் சங்கிலியில் தொங்கவிடச் சொல்கிறார். தட்டை ஏற்றினால் திறப்பு மூடிச் சூடு ஏறும், இறக்கினால் திறந்து சூடு தணியும். கூரையிலேயே ஒரு மூடி வைத்த பானை என்று சொல்லலாம்.

பொம்பே என்ற பழைய ரோமானிய ஊரில் ஸ்டாபியக் குளியலகத்தின் சிறிய வட்ட அறையில் கூம்பு போன்ற கூரையும் உச்சிக்கண்ணும் இன்றும் பார்க்கலாம். அதே ஊரின் மன்றக் குளியலகத்தில், கைகால் நனைக்கும் பெரிய கல்தொட்டிக்கு மேலே அரைக்குவிமாடத்தில் ஒரு வட்டத் திறப்பு. சாய்வாக வரும் ஒளி தண்ணீர் மேல் விழும்படி இருக்கிறது. முதலில் சூட்டுக்காக வைத்த கண்ணுக்கு ஒளியின் அழகு பிறகு சேர்ந்தது என்று நினைக்கிறேன். எனக்குப் பாந்தியனைவிட இந்தச் சின்ன அறைகள்தான் மனதில் தங்கியிருக்கின்றன.

அவ்வளவு பெரிய கூடத்துக்கு ஒரே ஒரு கண்ணு வெளிச்சம் போதுமா?

போதும். தரையில் 25இல் 1 பங்குதான் திறப்பு என்று சொன்னேன் அல்லவா? சுவரில் அதே அளவு ஜன்னல் வைத்திருந்தால் பாதி வானத்தைத்தான் பார்க்கும், எதிர்க் கட்டடம் மறைத்தால் அதுவும் போகும். உச்சிக்கண் முழு வானத்தையும் பார்க்கிறது. வெயில் உள்ள நேரத்தில் ஒளிவட்டம் எங்கே விழுகிறதோ அங்கிருந்து தெறித்துக் கூடம் முழுவதும் பரவும். நிழல்கள் மென்மையாக விழும்.

அந்த ஒளிவட்டம் நகர்வதுதான் பெரிய அனுபவம். கூடம் வடக்கு நோக்கியது, சூரியன் தெற்கில், ஆகவே நண்பகல் ஒளி வாசல் பக்கமே விழும். குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாக இருப்பதால் வட்டம் குவிமாடத்தின் உள்பக்கத்திலேயே நின்றுவிடும். கோடையில் தரைக்கு இறங்கும். தரையில் விழும்போது கண்ணின் அளவிலேயே முழு வட்டமாக விழும், சுவரில் விழும்போது நீண்டு சாயும். ஏப்ரல் 21 ரோம் நகரம் பிறந்த நாளாகக் கொண்டாடப்பட்டது. அதையொட்டிய நாட்களின் நண்பகலில் ஒளி சரியாக வாசலில் வந்து நிற்கும். பேரரசர் அந்த நேரத்தில் உள்ளே நுழைவதற்காகவே அப்படி அமைத்தார்கள் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. ஒளி வாசலில் விழுவது உறுதி, பேரரசர் நுழைந்தது ஊகம். இரண்டையும் கலக்காமல் சொல்வது நல்லது.

சுவர்ல இருக்கிற வட்ட ஜன்னல்? அதுவும் ரோமானியர் வழிதானா?

சுவர்க்கண் ரோமானியக் கட்டடங்களிலும் உண்டு, பொம்பே உதாரணம் மேலே வந்துவிட்டது. ஆனால் அது முகப்பின் நாயகனாக ஆனது இடைக்கால இத்தாலியத் தேவாலயங்களில். மறுமலர்ச்சிக் காலத்துக் கலைஞர்கள் அதை அப்படியே வாங்கிச் செவ்வியல் ஒழுங்குக்குள் உட்காரவைத்தார்கள். அது சுலபமான வேலை இல்லை. ஃப்ளாரன்ஸில் சாண்டா மரியா நொவெல்லா தேவாலயத்தின் முகப்பை முடிக்கும் பொறுப்பு கட்டடக் கலைஞர் ஆல்பெர்ட்டிக்கு வந்தபோது, பெரிய வட்ட ஜன்னல் அங்கே முன்பே இருந்தது. அதை நகர்த்த முடியாது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டே சுற்றிலும் சதுரங்களையும் முக்கோண உச்சியையும் வட்டங்களையும் அடுக்கி, எல்லாம் ஒரே யோசனையில் பிறந்ததுபோல ஆக்கினார். முகப்பில் 1470 என்ற ஆண்டு பொறித்திருக்கிறது.

வட்டம் எங்கே பொருந்தும் என்று மாணவர்கள் கேட்பார்கள். முக்கோண முகப்பின் நடுவில் நன்றாக உட்காரும், குவிமாடத்தின் கழுத்தில், அதாவது அதைத் தாங்கும் சுற்றுச்சுவரில், வரிசையாக வைத்தால் அழகு. புருனலெஸ்கி வடிவமைத்த பாஸி சிற்றாலயத்தில் குவிமாடத்தின் அடியில் 12 வட்டங்கள் சுற்றி வருகின்றன. ஆனால் தூண்களுக்கு இடையில், ஆள் உயரத்தில் வட்ட ஜன்னல் வைத்தால் அது எங்கும் சேராமல் தவிக்கும்.

சர்ச்சுல கலர் கண்ணாடியோட பூ மாதிரி இருக்குமே, அதுதானே இது?

அது ரோஜாச் சாளரம், வட்டச் சுவர்க்கண்ணின் பேத்தி என்று சொல்லலாம். வட்டத்துக்குள் கல்லிலேயே இதழ்போல் பின்னல் செதுக்கி, இடையில் வண்ணக் கண்ணாடி பதிப்பார்கள். கோதிக் காலத்தின் பெருமை அது. பாரிஸ் நோத்ர்தாமின் வடக்கு ரோஜா ஏறக்குறைய 13 மீட்டர் அகலம், பாந்தியனின் கண்ணைவிடப் பெரியது.

அடையாளம் எளிது. உள்ளே கல் பின்னல் இருந்தால் ரோஜா, வெறும் வட்டமாகவோ ஒரே கண்ணாடியாகவோ இருந்தால் கண். டயக்ளீஷியன் குளியலகத்து அரைவட்ட ஜன்னலையும் சிலர் இதோடு சேர்ப்பார்கள். அது தனி வகை.

ஃப்ளாரன்ஸ் கதீட்ரல்ல உச்சிக்கண்ணே இல்லையே?

இருக்கிறது, அதன் மேல் ஒரு கட்டடம் நிற்பதால் தெரிவதில்லை. புருனலெஸ்கி 1420 முதல் 1436 வரை கட்டிய எண்கோணக் குவிமாடம் உச்சியில் ஒரு வளையத்தோடு முடிகிறது. அதன் மேல் பளிங்கில் ஒரு சிறு விளக்குமாடம். அவர் 1446இல் இறந்த பிறகு, 1461இல்தான் அது முடிந்தது. அதன் பக்கவாட்டு ஜன்னல்கள் வழியாக ஒளி வருகிறது, மழை வருவதில்லை. கூராக எழும்பும் குவிமாடத்துக்கு உச்சியில் கொஞ்சம் எடை இருந்தால் நல்லது என்பதால் மாடத்தின் கனம் வீண் சுமையும் இல்லை. பிற்காலத்துப் பெரிய தேவாலயங்கள் பெரும்பாலும் இந்த வழியைத்தான் பிடித்துக்கொண்டன.

அதே குவிமாடத்தின் கழுத்தில் எட்டுச் சுவர்க்கண்கள் உண்டு. அவற்றின் வண்ணக் கண்ணாடிக்கு டொனாட்டெல்லோ, கிபெர்ட்டி, உச்செல்லோ, காஸ்டாக்னோ ஆகியோர் வடிவம் வரைந்தார்கள். இன்னொன்று: 1475இல் வானியல் அறிஞர் டோஸ்கனெல்லி அந்த உச்சி மாடத்தில் சின்னத் துளையிட்ட வெண்கலத் தகடு ஒன்றை வைத்தார். ஏறக்குறைய 90 மீட்டர் உயரத்திலிருந்து சூரியனின் உருவம் தரையில் விழும். ஜூன் மாதம் சூரியன் உச்சத்துக்கு வரும் நாளை அதில் அளந்தார்கள். கட்டடமே ஒரு வானியல் கருவியாகிவிட்டது.

ஹாகியா சோபியாவும் பெரிய குவிமாடம்தானே, அங்க ஏன் உச்சியில கண்ணு இல்ல?

கான்ஸ்டான்டிநோபிளில், அதாவது இன்றைய இஸ்தான்புல்லில், 537இல் முடிந்த அந்தத் தேவாலயம் ஒளியை வேறு இடத்தில் வாங்குகிறது. குவிமாடத்தின் அடியில் சுற்றிலும் 40 ஜன்னல்கள். வெளிச்சம் அங்கே வளையமாக நிற்பதால் கூரை மிதப்பதுபோல் இருக்கும்.

வெடிப்புப் பற்றிய பதிலை இங்கே நினைத்துப் பாருங்கள். குவிமாடம் வெடிக்கப் பார்க்கும் இடம் அடிப்பகுதி. அங்கே முன்கூட்டியே ஜன்னல்களை விட்டு, இடையில் உள்ள தூண்களைத் தடிப்பாக்குவது ஒரு வகையில் புத்திசாலித்தனம். இருந்தும் முதல் குவிமாடம் 558இல் விழுந்தது, அதைவிட உயரமாகத் திரும்பக் கட்டினார்கள். உச்சிக்கண்தான் சிறந்த வழி என்று நான் வாதாடவில்லை. பாந்தியனில் வானம் உள்ளே வருகிறது, இங்கே கூரையே வானமாகிறது.

பிரெஞ்சு மாளிகைகள்ல முட்டை வடிவத்துல இருக்கே, அதையும் வட்ட ஜன்னல்னு சொல்லலாமா?

சொல்லலாம், அதுதான் முன்பு சொன்ன மாட்டுக்கண். பதினேழாம் நூற்றாண்டில் வட்டம் நீள்வட்டமாக இளகியது. வெர்சாய் அரண்மனையில் 1701இல் அமைத்த ஒரு முன்னறைக்கே மாட்டுக்கண் அறை என்று பெயர். அரசர் துயிலெழும் சடங்குக்கு அரசவையினர் அங்கேதான் காத்திருப்பார்கள். பாரிஸின் சாய்வான கூரைகளிலும் இந்தக் கண்கள் தலைநீட்டும்.

கூரையில கண்ணு மாதிரி ஓவியம் வரைஞ்சிருக்காங்களாமே?

மான்டுவா நகரக் கோமகனின் அரண்மனையில், ஓவியர் மான்டெக்னா 1465க்கும் 1474க்கும் இடையில் வரைந்த அறை அது. கூரை உண்மையில் லேசான வளைவுதான். நடுவில் வானமும் மேகமும், வட்டமான கைப்பிடிச் சுவரும், அதன் மேல் சாய்ந்து நம்மைப் பார்க்கும் பெண்களும், விளிம்பில் தொற்றி நிற்கும் சிறகுள்ள குழந்தைகளும். ஒரு செடித்தொட்டி விளிம்புக்கு வெளியே எட்டி நிற்கும், தலையில் விழுமோ என்று நிமிர்ந்து பார்க்கவைக்கும்.

நாம் கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க, கண் வழியாக யாரோ நம்மைப் பார்க்கிறார்கள். ஓக்குலஸ் என்ற சொல்லின் பொருளை இவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்ட வேறொரு படைப்பை என்னால் சொல்ல முடியாது.

பாந்தியனைப் பார்த்துக் கட்டினவங்க ஏன் கண்ணாடி போட்டு மூடிட்டாங்க?

பயன்பாடு மாறியதால். அமெரிக்காவில் தாமஸ் ஜெஃபர்சன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 1820களில் கட்டிய ரொட்டுண்டா, பாந்தியனின் குறுக்களவில் ஏறத்தாழ பாதி. ஆனால் உள்ளே இருந்தது நூலகம். புத்தகத்தின் மேல் மழை விழ விடமுடியாது, கண்ணாடிதான் வழி. பாரிஸின் பாந்தியோனில் இன்னொரு தந்திரம். மூன்று குவிமாடங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன. உள்குவிமாடத்தின் கண் வழியாகப் பார்த்தால் வானத்துக்குப் பதில் இரண்டாம் குவிமாடத்தின் ஓவியம் தெரியும்.

கண்ணாடி போடுவது தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் கண்ணாடிக்குக் கீழே நின்றால் வெளிச்சம் மட்டும்தான் வருகிறது. திறந்த கண்ணின் கீழே நின்றால் காற்றும் குளிரும் புறாவின் சிறகடிப்பும் தெருச் சத்தமும் சேர்ந்து வருகின்றன. அந்த வித்தியாசத்தைப் படத்தில் காட்ட முடியாது.

சரி, ரோமுக்குப் போறேன். எந்த நேரத்துல பார்த்தா நல்லது?

வெயில் நாளில் நண்பகலுக்கு ஒரு மணிநேரம் முன்பு உள்ளே போய், ஒளிவட்டம் வாசல் பக்கம் வரும்வரை இருங்கள். 5 நிமிடம் ஒரே குழிவைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒளி நகர்வது கண்ணுக்கே தெரியும். 2023 ஜூலை முதல் நுழைவுக் கட்டணம் உண்டு. கி.பி. 609இலிருந்து அது தேவாலயமாகவும் இருப்பதால் வழிபாட்டு நேரங்களில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். ஓவியர் ரஃபேலின் கல்லறையும் உள்ளேதான், அதற்கும் கொஞ்சம் நேரம் வையுங்கள்.

மழை வந்தால் அறைக்குத் திரும்பாதீர்கள், நேரே அங்கே போங்கள். ஈஸ்டருக்கு ஐம்பதாம் நாளான பெந்தெகொஸ்தே ஞாயிறு அன்று ஊரில் இருந்தால், காலைப் பூசை முடியும் நேரத்தில் தீயணைப்பு வீரர்கள் கூரை மேல் ஏறி அந்தக் கண் வழியாகச் சிவப்பு ரோஜா இதழ்களைக் கொட்டுவார்கள். 43 மீட்டர் உயரத்திலிருந்து இதழ்கள் இறங்க நேரமாகும். முன்கூட்டியே போய் நடுவில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.